மெழுகுக்குப் பதில் செடிப்பூச்சு: சீஸ் தாங்குமா?

வாசகர் கேள்வி, 7 ஜனவரி 2024

வீட்டில் கௌடா மாதிரி, மாதக்கணக்கில் முதிரவிடும் கட்டிச் சீஸ் செய்கிறேன். ஐந்து லிட்டர் பாலுக்கு அரைக்கிலோ வட்டு ஒன்று வருகிறது. காயாமல், பூஞ்சை பிடிக்காமல் இருக்க மேலே பூச வாங்கிய சிவப்பு மெழுகு பாரஃபின், அதாவது பெட்ரோலியக் கழிவு. பிள்ளைகள் அதைச் சுரண்டி வாயில் போடுகிறார்கள். செடியிலிருந்து வருகிற, அப்படியே தின்னக்கூடிய பூச்சு இருந்தால் மெழுகைத் தூக்கிப் போட்டுவிடலாம் அல்லவா? அப்படிப் பூசினால் ஃப்ரிட்ஜுக்கு வெளியே எத்தனை நாள் இருக்கும்?

7 ஜனவரி, இரவு

கழிவு என்பது கொஞ்சம் அதிகம். பெட்ரோலியத்திலிருந்து வருவது உண்மை. சீஸுக்கென்று விற்பது உணவுத் தரத்துக்குச் சுத்தம் செய்தது. பிள்ளை ஒரு துணுக்கை விழுங்கினால் செரிக்காது, மறுநாள் அப்படியே வெளியே போய்விடும்.

இன்னொன்று. கடையில் வாங்கும் கௌடாவின் மஞ்சள் தோல் பெரும்பாலும் மெழுகே இல்லை. பாலிவினைல் அசிடேட். தச்சர் மரத்தை ஒட்டும் வெள்ளைப் பசை இருக்கிறதே, அதன் பங்காளி. அதைப் பெயின்ட் மாதிரி இரண்டு மூன்று தடவை அடிப்பார்கள். பூஞ்சை வராமலிருக்க அதற்குள்ளேயே நாட்டாமைசினும் கலப்பார்கள். அதனால் பாரஃபினை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

செடிப்பூச்சு உண்டு. நான் மூன்று வருஷமாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கோயம்புத்தூரில் வீடு, பின்கட்டில் ஒரு பழைய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜ், அதற்கு வெளியே ஒரு தெர்மோஸ்டாட், உள்ளே 12 டிகிரி. ஈரத்துக்காக அடித்தட்டில் ஒரு கிண்ணம் உப்புத் தண்ணீர். ஈரமானி 80-க்கும் 85-க்கும் நடுவில் ஆடும். என் ஆராய்ச்சிக்கூடம் அவ்வளவுதான்.

தேன்மெழுகில் இருந்து தொடங்குங்கள். அதுவே சுலபமான செடிப்பூச்சு.

8 ஜனவரி

நேற்று எழுதிய கடைசி வரியை யாரும் படிக்கவில்லை என்று நினைத்தேன். காலையில் எழுந்தால் நாலு பேர். தேன்மெழுகு எப்போது செடியில் காய்த்தது?

சரி, தேனீயின் வயிற்றிலிருந்து வருவது. தூக்கக் கலக்கம். இந்தத் தலைப்பில் எல்லோரும் விழுகிற குழி இது. அரக்கு மரத்தில் இருந்தாலும் பூச்சி சுரப்பது. கைட்டோசான் என்று ஒன்றை 'இயற்கைப் பூச்சு' என்று விற்கிறார்கள், பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டில் இருந்து எடுப்பது. சைவக்காரர்கள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

கறாராகச் செடி என்றால் பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனையின் ஓலையிலிருந்து வரும் கர்னாபா மெழுகு, மெக்சிகோ பாலைவனப் புதரின் கேண்டலில்லா மெழுகு, நம் தவிட்டு எண்ணெய் ஆலைகளில் கழிந்து விழும் அரிசித் தவிட்டு மெழுகு, எண்ணெய்கள், மாவுச்சத்துகள், கொத்தவரைப் பிசின், கடல்பாசிப் பசைகள். சோளப் புரதம் ஸீன் கூட உண்டு. அதை நான் தொட்டதில்லை.

14 ஜனவரி

போகி. பழையன கழிப்போம், முதலில் என் ஜவ்வரிசிக் கதை.

2021-இல் நான் முதன்முதலில் செய்து பார்த்தது அதுதான். ஜவ்வரிசி எங்கும் கிடைக்கும், சேலம் பக்கத்து மரவள்ளி மாவு, விலை ஒன்றுமில்லை, கஞ்சி காய்ச்சினால் கண்ணாடி மாதிரி படலம் வருகிறது. இதைவிட என்ன வேண்டும்? கெட்டியாகக் காய்ச்சி, ஆறவிட்டு, உப்புநீரில் ஊறி எழுந்த வட்டின் மேல் தூரிகையால் பூசினேன். மறுநாள் பளபளவென்று இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மூன்றாம் நாள் விளிம்பில் வெள்ளையாக ஒரு பொட்டு. ஐந்தாம் நாள் கதவைத் திறந்தால் பச்சைக் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் ஒன்றும் பூசாமல் வைத்திருந்த வட்டில் அங்கங்கே இரண்டு புள்ளிதான். என் பூச்சுதான் பூஞ்சைக்குப் பந்தி விரித்திருக்கிறது.

அன்றைக்கு உறைத்ததை அப்படியே சொல்கிறேன். நமக்குச் சோறு என்றால் பூஞ்சைக்கும் சோறுதான். பாரஃபின் ஏன் காக்கிறது? அதைத் தின்ன அந்தப் பெட்டிக்குள் யாரும் இல்லை. "தின்னக்கூடிய பூச்சு" என்று கேட்கும்போதே பாதி விஷயத்தை விட்டுக்கொடுத்துவிட்டுத்தான் கேட்கிறோம்.

14 ஜனவரி, மதியம்

"ஜவ்வரிசியில் கொஞ்சம் வினிகர் விட்டிருந்தால்?" விட்டேன். பச்சைக் கம்பளி ஒரு வாரம் தள்ளி வந்தது. வட்டு ஊறுகாய் வாசம் அடித்தது.

21 ஜனவரி

கடல்பாசிக்கு வருவோம். இங்கே நமக்குச் சொந்த பந்தம் உண்டு. மனைவியின் தம்பி ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கிறான். ஆல்ஜினேட் என்று பெரிய பெயரில் விற்கும் பசை அங்கே கட்டக்கோரை என்று அழைக்கப்படும் பழுப்புப் பாசியிலிருந்து வருவது. அகர் அகருக்கு மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும். நோன்பு நேரத்தில் பல வீடுகளில் துண்டு போட்டு வைக்கும் கடல்பாசி இனிப்பு அந்த அகர்தான். கேரஜீனன் என்கிற இன்னொரு பாசிப் பசை எடுக்க ஒரு பாசியை மிதவையில் கட்டி வளர்க்கிறார்கள். ஊரில் அதற்குப் பெப்சி பாசி என்று பெயர், அந்தக் கம்பெனிதான் ஆரம்பத்தில் அங்கே சாகுபடியைக் கொண்டுவந்தது என்பதால். சீஸ் எப்படியோ போகட்டும், இந்தப் பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மச்சினனிடம் சொல்லி ஒரு சாக்குக் கட்டக்கோரை வரவழைத்தேன். பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் இரண்டு டிக்கெட் போட்டாராம், ஒன்று வாசத்துக்கு. கழுவி, பெரிய அண்டாவில் மூன்று மணி நேரம் கொதிக்கவிட்டேன். பழுப்புத் தண்ணீர் வந்தது, பசை வரவில்லை. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள்.

அப்புறம்தான் படித்தேன். பாசிக்குள் அந்தச் சத்து கால்சியத்தோடு கட்டுண்டு கிடக்கிறது, வெறும் தண்ணீரில் கரையாது. சலவைச் சோடா போட்டு அதைச் சோடியம் உப்பாக மாற்றினால்தான் வழவழவென்று இறங்கும். செய்து பார்த்துவிடாதீர்கள். இந்த இனத்துப் பாசிகள் கடலில் உள்ள ஆர்சனிக்கை இழுத்து வைத்துக்கொள்பவை, வீட்டு அண்டாவில் அதைப் பிரிக்க வழியில்லை. உணவுத் தரச் சோடியம் ஆல்ஜினேட் தூளாகவே கிடைக்கிறது. நான் கால் கிலோ வாங்கினேன். சாக்குப் பாசி தென்னைக்குப் போனது.

22 ஜனவரி

"பாசி எடுப்பவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்" என்று ஒருவர். தலைப்பை விட்டு விலகுகிறேன், ஆனாலும்.

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் இதைப் பெண்கள்தான் செய்கிறார்கள். சேலைக்கு மேல் ஒரு ஆண்சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல் விரலாகத் துணி சுற்றிக்கொண்டு முங்குவார்கள். மாதம் முழுக்க எடுப்பதில்லை, சில நாள் மட்டும் என்று அவர்களே வரையறை வைத்திருக்கிறார்கள். தீவுகளைச் சுற்றி மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, அங்கே போக வனத்துறைத் தடை. நான் ஒரு சாக்கு வாங்கித் தென்னைக்குப் போட்டதை மச்சினன் மனைவியிடம் சொல்லவில்லை. அவரும் முங்குகிறவர்.

28 ஜனவரி

செய்முறை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் ஆல்ஜினேட். மொத்தமாகக் கொட்டினால் கேழ்வரகுக் கூழில் கட்டி விழுந்த கதைதான். மிக்ஸி ஓடும்போது சிட்டிகை சிட்டிகையாகத் தூவ வேண்டும். ராத்திரி முழுக்க விட்டால் நுரை அடங்கும். வட்டு தொட்டால் ஒட்டாத அளவுக்கு இரண்டு மூன்று நாள் காய்ந்திருக்க வேண்டும். அதை முக்கி எடுத்து, வடியவிட்டு, கால்சியம் குளோரைடு கரைத்த தண்ணீரில் ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்தில் வழவழப்பு தோலாக மாறுவதைப் பார்க்க வேண்டுமே! விரலால் அழுத்தினால் அவித்த முட்டையின் வெள்ளை மாதிரி.

21-ஆம் தேதி இரண்டு வட்டுகள் வைத்தேன். இரண்டும் 470 கிராம். ஒன்று வெறுமனே, ஒன்று பாசித்தோலோடு. இன்று எடை போட்டேன். வெறும் வட்டு 450. பாசி வட்டு 478.

478! ஒரு கிராம் குறையவில்லை, எட்டு கிராம் கூட. மெழுகைத் தூக்கிப் போடலாம் போலிருக்கிறது.

28 ஜனவரி, இரவு

"எட்டு கிராம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டவருக்கு: தோலின் எடை. இதில் என்ன சந்தேகம்.

11 பிப்ரவரி

சந்தேகம் இருந்திருக்க வேண்டும். நேற்று நோட்டைத் திருப்பினால், பூசிய அன்றே ஈரத்தோடு எடை போட்டு ஓரத்தில் பென்சிலில் எழுதியிருக்கிறேன்: 492. நான் அதைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

மூன்று வாரக் கணக்கு இதோ. வெறும் வட்டு 470, 450, 436, 425. பாசி வட்டு 492, 478, 461, 447. இரண்டும் இழந்தது அச்சடித்தாற்போல் 45 கிராம். இரண்டு, மூன்றாம் வாரங்களில் பாசி வட்டுதான் வேகமாக இழந்திருக்கிறது. தோல் எதையும் தடுக்கவில்லை. தன்னிடமிருந்த 22 கிராம் தண்ணீரை முதலில் கொடுத்துச் சீஸின் தண்ணீருக்குத் தவணை வாங்கியிருக்கிறது. தோல் காய்ந்ததும் அதே கதை.

யோசித்தால் இது தெரிந்திருக்க வேண்டியதே. ஆல்ஜினேட், அகர், மாவு, பிசின் எல்லாமே தண்ணீரை விரும்பும் சாதி. காய்ந்த நிலையில் காற்றை, ஆக்ஸிஜனை நன்றாகவே மறிக்கும். நீராவிக்கு மட்டும் கதவைத் திறந்து வைத்திருக்கும். மெழுகு, எண்ணெய்தான் நீராவிக்கு எதிரி.

கூடுதல் செய்தி: மூன்றாம் வாரம் பாசித்தோல் கோடையில் ஏரித்தரை மாதிரி வெடித்து, விளிம்பில் சுருண்டு நிற்கிறது. கிளிசரின் ஒரு கரண்டி சேர்த்தால் வெடிக்காது என்கிறார்கள். சேர்த்தால் நெகிழ்வாக இருக்கும், நீராவி இன்னும் தாராளமாகப் போகும்.

12 பிப்ரவரி

ஆமாம், பென்சிலை மாற்றிவிட்டேன். இனிமேல் பேனா.

25 பிப்ரவரி

பூஞ்சைக்கு என்ன செய்தேன் என்று கேட்டிருந்தார் திண்டுக்கல் நண்பர். கிராம்பு எண்ணெய். அதிலுள்ள யூஜினால் பூஞ்சையை நன்றாகவே அடக்கும். ஆல்ஜினேட் கரைசலில் லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி விட்டேன். பூஞ்சை வரவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. ஆறு வாரம் கழித்து வெட்டினோம். மாமனார் ஒரு துண்டை வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "யாருக்குப் பல்வலி?" என்றார்.

பால் கொழுப்பு வாசனையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சும். சீஸுக்குப் பக்கத்தில் வெங்காயம் வைத்தாலே ஏறும், இதில் தோலோடு தோலாகக் கிராம்பு. கடுகு, லவங்கப்பட்டை, ஓமம் எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினை: பூஞ்சைக்குப் போதுமான அளவு போட்டால் நமக்கு அதிகம்.

கால்சியம் குளோரைடையும் அளவாக வையுங்கள். ஒருமுறை கையளவு போட்டுவிட்டேன். மேல் தோல் எட்டிக் கசப்பு.

25 பிப்ரவரி, சற்றுப் பின்

"நாட்டாமைசினும் இயற்கைதானே, அதைப் பூசினால் என்ன?" இயற்கைதான், ஆனால் செடி இல்லை. தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதி மண்ணில் 1950-களில் கண்டெடுத்த ஒரு நுண்ணுயிர் செய்வது. பெயரே அந்த ஊரால் வந்தது. தோலிலிருந்து 5 மில்லிமீட்டர் ஆழத்தில் அது இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. கேள்வி தின்னக்கூடிய செடிப்பூச்சு என்று ஆரம்பித்ததால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

3 மார்ச்

ஆல்ஜினேட்டில் தோற்ற கோபத்தில், பாரஃபின் வருவதற்கு முன்னால் ஜனங்கள் என்ன செய்தார்கள் என்று தேட ஆரம்பித்தேன். எங்கே பார்த்தாலும் எண்ணெய், இலை, சாம்பல்.

ஸ்பெயினின் மாஞ்செகோ சீஸுக்கு ஆலிவ் எண்ணெய் தேய்க்கிறார்கள். கேனரித் தீவுகளில் ஃபுவெர்த்தேவெந்துரா என்று ஒரு வறண்ட தீவு, அங்கே ஆட்டுப்பால் மஹோரெரோ. அதற்கு எண்ணெய், மிளகாய்ப் பொடி, அல்லது கோஃபியோ. கோஃபியோ என்றால் தானியத்தை வறுத்து அரைத்த மாவு, நம் சத்துமாவின் தூரத்துச் சொந்தம். பிரான்ஸில் பனோன் என்கிற சின்ன ஆட்டுப்பால் சீஸைச் செஸ்ட்நட் இலையில் பொதிந்து ராஃபியா நாரால் கட்டுகிறார்கள், பார்த்தால் நம்மூர்க் கட்டுச்சோறு. லுவார் பகுதியில் வாலன்சே, அதற்குச் சாம்பல். இங்கிலாந்தின் கார்ன்வாலில் யார்க், அதன் மேல் காஞ்சொறி இலை. ஊட்டிப் பக்கம் கையில் பட்டால் தடித்துப்போகுமே, அந்த ஜாதி. இலையை உறையவைத்தால் அரிப்பு போய்விடுகிறதாம். யார்க் ஏதோ பழைய கெல்ட் மொழிப் பெயர் என்று நினைத்திருந்தேன். செய்தவர்களின் குடும்பப் பெயர் கிரே. திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு. இவர்கள் யாரும் பூஞ்சையை ஒழிக்கப் பார்க்கவில்லை. யார்க்கின் இலை மேல் வெள்ளைப் பூஞ்சை வளர வேண்டும், அதுதான் அழகு. சாம்பல் போடுவதும் மேல்தோலின் புளிப்பைக் குறைத்து நல்ல பூஞ்சைக்கு இடம் கொடுக்கத்தான். எண்ணெய் தேய்ப்பவர் வாராவாரம் தேய்க்கிறார், தேய்க்கும்போதே முளைத்ததைத் துடைத்துவிடுகிறார். அதாவது காப்பது பாதி எண்ணெய், பாதி கை.

ஒருதரம் பூசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போவது பாரஃபின் கொடுத்த பழக்கம்.

10 மார்ச்

மஹோரெரோவைப் படித்துவிட்டு மிளகாய்ப் பொடி தேய்த்தவர்களே, எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். அவர்கள் பூசுவது இனிப்பு மிளகாய், நிறத்துக்கு. நான் குண்டூர் மிளகாயில் தேய்த்தேன். கை இரண்டு நாள் எரிந்தது. அந்தக் கையால் கண்ணைத் தேய்த்ததைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சீஸ் நன்றாக இருந்தது. தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம்.

24 மார்ச்

தவிட்டு மெழுகு. இந்தத் தொடரிலேயே எனக்கு நம்பிக்கை தந்த ஒரே சாமான்.

தவிட்டு எண்ணெயைக் குளிரவைத்தால் மெழுகு கீழே படியும், எண்ணெய் தெளிவாகத் தெரிய அதை வடித்து எடுத்துவிடுவார்கள். சுத்தம் செய்தால் வெளிர்மஞ்சள் வில்லைகள். கிட்டத்தட்ட 80 டிகிரியில் உருகும், தேன்மெழுகைவிட 15 டிகிரிக்கு மேல் கூட. அமெரிக்காவில் மிட்டாய்க்கும் பழத்துக்கும் மேல்பூச்சாகப் பூச அனுமதி உண்டு. ஷூ பாலிஷுக்கும் உதட்டுச்சாயத்துக்கும்கூடப் போகிற பொருள், அதனால் உணவுத் தரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

நேரடி அடுப்பில் எந்த மெழுகையும் உருக்காதீர்கள், தீப்பிடிக்கும். கொதிநீருக்குள் பாத்திரம். நான் நாலு பங்கு மெழுகுக்கு ஒரு பங்கு தேங்காய் எண்ணெய் கலந்தேன், வெறும் மெழுகு கண்ணாடி மாதிரி உடைகிறது என்பதால். வட்டை ஒரு பக்கம் முக்கி, ஆறவிட்டு, மறுபக்கம். அழகாகப் பிடித்தது. பெட்டிக்குள் வைத்தேன்.

7 ஏப்ரல்

ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டிக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. டார்ச் அடித்துப் பார்த்தால் விளிம்பைச் சுற்றி மயிரிழை விரிசல்கள். ஒரு வாரத்தில் விரிசல் விரிசலாக நீலக் கோடு.

முட்டாள்தனம் யாருடையது என்றால் என்னுடையதே. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியில் உறைகிறது. மார்கழியில் பாட்டிலைக் குலுக்கிப் பார்க்காத தமிழன் உண்டா? என் பெட்டியோ 12 டிகிரி. மெழுகை இளக்க என்று போட்டது அங்கே தானே கல்லாகிவிட்டது.

நல்லெண்ணெய்க்கு மாறினேன். 12 டிகிரியில் அது ஓடும். கூடவே விகிதத்தையும் தலைகீழாக்கினேன்: ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு நல்லெண்ணெய். உருக்கி ஆறவிட்டால் குதிகால் வெடிப்புக்குப் போடும் களிம்பு பதம். முக்குவதில்லை, தேய்ப்பதுதான். மாஞ்செகோக்காரர் கை, நம்மூர்க் களிம்பு.

21 ஏப்ரல்

ஓட்டுப் போட்ட மறுநாள் எங்கள் தெருவில் ஆறு மணி நேரம் கரண்ட் இல்லை. பெட்டி 27 டிகிரிக்குப் போய்விட்டது. சீஸ் எல்லாம் வியர்த்தது. களிம்பு பூசிய வட்டில் எண்ணெய் வழிந்து தட்டில் தேங்கி, காலையில் அங்கே எறும்பு ஊர்வலம். பாரஃபினுக்கு எறும்பு வந்து நான் பார்த்ததில்லை.

துடைத்து, மெல்லிய உப்புத்தண்ணீர்த் துணியால் ஒற்றி, காயவிட்டு, மறுபடி களிம்பு. வாரம் 3, 4 கிராம்தான் இழக்கிறது. பேனாவில் எழுதியிருக்கிறேன்.

28 ஏப்ரல்

பாசியை முழுதாகக் கைவிட்டேன் என்று ஒருவர் வருத்தப்பட்டார். இல்லை. பனீருக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன். பனீர் மாதக்கணக்கில் இருக்க வேண்டியதில்லை, நாலு நாள் ஃப்ரிட்ஜில் மேல்தோல் காயாமல், ஓரம் மஞ்சளடிக்காமல் இருந்தால் போதும். தவணை வாங்குகிற பூச்சு நாலு நாளுக்குச் சரியான பூச்சு. வெட்டிய சீஸின் வெட்டுமுகத்துக்கும் அப்படித்தான். அங்கே கால்சியம் தண்ணீரே தேவைப்படவில்லை, சீஸில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு தானே லேசாக உறைகிறது. சாப்பிடும்போது உரிக்க வேண்டாம், வாயில் தெரியாது.

ஆக, பிப்ரவரியில் பாசியைத் திட்டியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மூன்று வாரக் கணக்கு சரி. மூன்று வார வேலையை அதனிடம் கேட்டதுதான் தப்பு.

5 மே

முதல் கேள்வியின் கடைசி வரிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று கேட்டவரே ஞாபகப்படுத்துகிறார். ஃப்ரிட்ஜுக்கு வெளியே எத்தனை நாள்? வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன், பதில் பிடிக்காது.

பனீர், மொசரெல்லா மாதிரி ஈரமானது: ஒரு நாளும் இல்லை. எந்தப் பூச்சும் உள்ளே இருக்கும் கிருமியைக் கொல்லாது. லிஸ்டீரியா என்கிற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலேயே வளரும். வெளியே வைத்தால் மற்றவையும் சேரும். ஈரமான, உப்பும் புளிப்பும் குறைந்த சீஸைக் காற்றுப் புகாமல் மூடிச் சூட்டில் வைப்பது இன்னும் மோசம், காற்றில்லாத இடம் தேடும் கிருமிகள் இருக்கின்றன, அவற்றின் நச்சால் வரும் பாட்டுலிசம் விளையாட்டு இல்லை. பூண்டு போட்டு எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைக்கிறேன் என்று எழுதிய அம்மா, தயவுசெய்து வேண்டாம்.

மாதக்கணக்கில் காய்ந்து இறுகிய வட்டு: ஆபத்து குறைவு, ஆனால் கோயம்புத்தூர் மே மாதத்தில் கொழுப்பு உருகி வழியும், எண்ணெய் காறல் அடிக்கும். மெழுகு பூசினாலும் இதேதான்.

5 மே, இரவு

இன்னொன்று தோன்றியது. தவிட்டு மெழுகை நான் ஏன் நம்புகிறேன் என்று யோசித்தேன். அதைப் பூஞ்சை லேசில் தொடுவதில்லை. நம் வயிறும் அதைச் சரியாகச் செரிப்பதில்லை, பெரும்பாலும் அப்படியே வெளியே போகும். ஜனவரியில் பாரஃபினைப் பற்றி என்ன எழுதினேனோ அதே வாசகம். செடியிலிருந்து வந்தது, தின்றால் கெடுதலில்லை, ஆனால் தின்பண்டம் இல்லை. ஜவ்வரிசி தின்பண்டம். அது ஐந்து நாள் தாங்கியது.

"அப்படியானால் பாரஃபினே இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று என் மகள் சொல்கிறாள். அவள் சொல்வதில் தப்பில்லை. எனக்குப் பெட்ரோலியம் வேண்டாம் என்பது என் பிடிவாதம், நம் தவிட்டு எண்ணெய் ஆலையிலேயே கிடைக்கும் பொருள் என்பது என் சாக்கு.

16 ஜூன்

இன்று வெட்டினோம். மார்ச் மாத வட்டு, களிம்பு பூசியது. தோல் பழைய தோல்செருப்பு நிறம். கத்தி இறங்கும்போது முதல் இரண்டு மில்லிமீட்டர் கறமுறவென்று, அப்புறம் வெண்ணெய். எள் வாசம் தோலில் இருக்கிறது, உள்ளே அரை விரற்கடைக்கு மேல் இல்லை. காறல் இல்லை, ஆனால் இன்னொரு மாதம் விட்டிருந்தால் சொல்ல முடியாது. ஒரு ஓரத்தில், என் கட்டைவிரல் எட்டாத மடிப்பில், நீலப் பொட்டு. சீவி எறிந்தேன்.

மாமனார் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டார். பல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

17 ஜூன்

மெழுகு எங்கே வாங்குவது என்று பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். ஆலையில் சாக்குக் கணக்கில்தான் கொடுக்கிறார்கள், நானும் இன்னொருவரிடம் பங்கு பிரித்தேன். என்னிடம் ஒன்றரைக் கிலோ மிச்சம். அரைக்கிலோ வட்டுக்கு ஒரு தடவை தேய்க்க ஒரு மேசைக்கரண்டிக் களிம்பு போதும், ஆகவே கால் கிலோ மெழுகு உங்களுக்கு வருஷம் தாண்டி வரும். கோயம்புத்தூர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் வாருங்கள். டப்பா கொண்டு வாருங்கள், என் வீட்டில் மூடி சரியான டப்பா ஒன்றுகூட இல்லை.